கற்பாறைக் கரையில் தூண்டில்

யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து தென்மேற்கே சென்றால் காக்கைதீவில் சேறும் ஆழமின்மையும் கொண்ட களப்புக் கடல் எதிர்ப்பட, வடக்கே கீரிமலைக்குச் சென்றாலோ, மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல் அலைகளால் அரிக்கப்பட்டுக் குடைவும் பிளவுமாய்ச் சமுத்திரத்தினுள் இறங்குவதைக் காணலாம். மழைநீர் ஊறிவந்து கரையோரக் கேணியில் நன்னீராய் வெளிப்படும் விசேஷமும், கலவாய் மீனுக்கு வாய்த்த வாசஸ்தலமும் அந்த ஒரே கல்லின் கொடைகளே.

தங்கூசியில் ஈயமும், தூண்டிலில் இறாலோ கணவாய்த் துண்டோ சேர்த்துப் பாறையோரம் இறக்குகிறவன், கலவாய் இரையைக் கௌவிய மாத்திரத்தில் அதனை மேலே இழுத்துவிட வேண்டும். க்ஷணம் தாமதித்தாலும் அது பொந்துக்குள் புகுந்து செவுள்களை விரித்து இறுகிக்கொள்ள, தங்கூசி கல்லின் கூரிய விளிம்பில் உராய்ந்து அறுந்துபோம். ஐரோப்பியப் பாறைக் கரைகளில் வாழும் போலக் என்னும் மீனும் தூண்டிலிற் பட்டவுடன் கடற்பாசிக் காட்டை நோக்கிக் கீழே பாய்வதால், அங்குள்ளோர்க்கும் விதி இதுவே.

சோளகம் வீசும் மாதங்களில் இவ்வடகரை பெரும்பாலும் சாந்தமாயிருக்கும். வாடை தொடங்கினாலோ அலைகள் நேரே மோதுமாதலால், பாசி படர்ந்த கல்லில் நிற்பது பிராணாபத்து. கலவாயினங்களிற் பல முதலில் பெண்ணாய் முதிர்ந்து, பின்னரே ஆணாக மாறுவன. ஆகையால் முட்டையிடவும் ஆணாக மாறவும் இன்னும் காலம் வாய்க்காத குஞ்சுகளைக் கடலுக்கே திருப்பிவிடுதல் தயை மாத்திரமன்று, நாளைய மீன்பாட்டைக் காக்கும் தர்மமுமாகும்.