பழைய டிராக்டரின் பின் இணைப்பு

டிராக்டரின் பின்புறம் கலப்பையைப் பிடித்திருப்பவை மூன்று கைகள்: கீழே இரண்டு, மேலே டாப் லிங்க். இந்த அமைப்பை வகுத்தவர் அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன். 1939இல் அமெரிக்காவில் வந்த ஃபோர்டு 9என் டிராக்டரோடு இது பரவலாயிற்று. அவர் பெயர் தாங்கிய மாஸி பெர்குசன் வண்டிகளைச் சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் தயாரித்ததால், காஞ்சிபுரத்து ஏரிப்பாசன வயல்களுக்கும் இந்த இணைப்பு பழகிப்போனது.

கலப்பை மண்ணில் இறங்கியதும் கீழ்க் கைகள் அதை இழுக்கின்றன. டாப் லிங்க் வண்டியை முன்னோக்கித் தள்ளி, முன்சக்கரம் மேலெழாமல் காக்கிறது. அருமையான நுட்பம் இது.

வயதான வண்டியில் ‘லிங்க் பின்’ நுழையும் துளை தேய்ந்து முட்டை வடிவமாகும். கலப்பை ஆட்டம் காணும். பட்டறையில் துளையைக் கடைந்து புது புஷ் இறக்குவதே முறை. கைகளைப் பிடித்திருக்கும் தாங்கி விரிசல் கண்டு, அதைப் புதிதாகச் செய்யும்போது மூலையில் முக்கோணத் தகடு வைத்துப் பற்றவைத்தால், பாரம் முழுவதும் ஒரே வெல்டிங் கோட்டில் விழாது. தாங்கி பொருந்தும் பின் அச்சுக்கூடு வார்ப்பிரும்பு. அதில் நேரடியாகப் பற்றவைத்தால் ஆறும்போது விரிசல் விடும்; போல்ட் போட்டு முடுக்குவதே சரி.

எவ்வளவு வலுப்படுத்தினாலும், சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும் சங்கிலியை டாப் லிங்க் இடத்தில் மாட்டாதீர்கள். டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுநரின் உயிரைப் பறித்துவிடும்.