சக்கர நாற்காலிக்கும் காட்டில் இடம் வேண்டும்

தைப்பிங்கிலிருந்து கடலை நோக்கிப் போனால் அரை மணி நேரத்துக்குள் கோலா செப்பெத்தாங் வந்துவிடும். பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் இரயில் 1885 ஜூன் 1 அன்று தைப்பிங்குக்கும் இந்த ஊருக்கும் இடையில்தான் ஓடியது. ஊர்ப் பெயரைத் தமிழிலும் எழுதிய பழைய நிலையப் பலகை இன்றும் அங்கே இருக்கிறது. ஊரைச் சுற்றிச் சுமார் 40,000 ஹெக்டரில் மாத்தாங் சதுப்புநிலக் காடு பரந்து கிடக்கிறது. நூறாண்டுக்கு மேலாகக் காப்புக்காடாக உள்ள இதில் பக்காவ் மரங்களை முப்பதாண்டுச் சுழற்சியில் வெட்டி, மறுபடி வளர்க்கிறார்கள். வெட்டிய மரம் உள்ளூர்க் கரிச்சூளைகளுக்குப் போகிறது.

இந்தக் காட்டுக்குள் நீரோரமாக ஒரு பலகைப் பாதை போகிறது. ஏற்றம் கிடையாது. மலையேற முடியாதவர்களும் வேர்களையும் நண்டுகளையும் பறவைகளையும் நின்று பார்க்கலாம். ஆனாலும் பல குடும்பங்களில் நடப்பது வேறு. விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியே வாழ்ந்து, தோட்டம் கைமாறிய பின் புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ குடியேறிய பாட்டி, “நீங்க போயிட்டு வாங்கய்யா, நான் வண்டியிலேயே இருக்கேன்” என்று சொல்லிவிடுகிறார். முட்டி வலிதான் காரணம் என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். நுழைவாயிலில் இரண்டு படி, கைப்பிடி இல்லாத ஓரம், சக்கரம் சிக்கும் பலகை இடைவெளி, உட்கார இடமில்லாத நீண்ட தூரம் ஆகியவையும் அவரை வண்டியிலேயே உட்கார வைக்கும். முட்டி வலியைத் தீர்ப்பது கடினம். படியைச் சரிவாக மாற்றுவது அப்படியல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, பொது வசதிகளையும் பொதுமக்களுக்குத் திறந்துள்ள கட்டடங்களையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமையைப் பிரிவு 26இல் தருகிறது. அவை எல்லோருக்கும் ஏற்ற வடிவமைப்பில் அமைய வேண்டிய நடவடிக்கைகளை அரசும் வசதியை நடத்துவோரும் எடுக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் சமமாகப் பங்கேற்கும் உரிமை பிரிவு 32இல் உள்ளது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையையும் மலேசியா 2010இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே “இது காடு, இங்கே இதெல்லாம் எதிர்பார்க்க முடியாது” என்ற பதிலோடு நாம் திரும்பிவிட வேண்டியதில்லை.

சட்டத்தின் குறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். உரிமையை மறுப்பவருக்கு இதில் தண்டனை இல்லை. நல்லெண்ணத்தோடு செய்த அல்லது செய்யாமல் விட்ட காரியத்துக்காக அரசின் மீது வழக்குப் போட முடியாதபடி பிரிவு 41 தடுக்கிறது. அதனால்தான் எழுத்துமூலப் புகார் முக்கியமாகிறது. எழுதாத குறை எந்தக் கோப்பிலும் ஏறாது.

போகுமுன் கேட்க வேண்டியவை

“பாதை சமமாக இருக்குமா?” என்று மட்டும் கேட்டால் “இருக்கும்” என்ற பதில்தான் வரும். இவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்:

- வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து பாதை வரை படி உண்டா? சரிவு இருந்தால் எவ்வளவு செங்குத்து? ஓரடி உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் என்பது பரவலாக ஏற்ற அளவு.
- சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் கிடைக்குமா?
- பலகைகள் குறுக்காக, ஒரு விரல் நுழையாத இடைவெளியில் உள்ளனவா? ஓரத்தில் தடுப்பும் கைப்பிடியும் உண்டா?
- நாற்காலி நுழையும் கழிவறை உண்டா?
- பழுதுபார்ப்புக்காக மூடிய பகுதி ஏதேனும் உண்டா?

பாதையில் கவனம்

ஈரமும் பாசியும்தான் முதல் ஆபத்து. தீபகற்ப மலேசியாவில் மிக அதிக மழை பெறும் ஊர்களில் தைப்பிங் ஒன்று. பிற்பகலில் இடி மின்னல் வருவது வழக்கம் என்பதால் காலையிலேயே நடந்து முடிப்பது நல்லது. அலையேற்ற நேரத்தையும் பார்த்துப் போங்கள். உளுத்த பலகையைக் கண்டால் தாண்ட முயலாமல் திரும்பிவிடுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பாதம் மரத்துப்போனவருக்கு ஆணி குத்தினாலும் தெரியாது. உப்புநீரில் வாழும் சில கிருமிகள் அந்தக் காயத்தின் வழியே நுழைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். செருப்பு வேண்டாம், மூடிய காலணி போடுங்கள். வீடு திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள். காயம் இருந்தால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள்.

குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள், உணவுப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பேராக் ஆறுகளில் முதலை உண்டு. நீர் விளிம்பில் குழந்தைகளை உட்கார விடாதீர்கள். மின்மினி பார்க்கப் படகேறினால் மிதவைச் சட்டை இல்லாமல் ஏற மறுத்துவிடுங்கள். அவசரத்துக்கு எண் 999.

குறை கண்டால் செய்ய வேண்டியது

உடைந்த பலகை, மறிக்கப்பட்ட சரிவு, பூட்டிய கழிவறை எதுவானாலும் படம் எடுங்கள். இடம், தேதி, நேரம் குறியுங்கள். காப்புக்காட்டுக்குள் உள்ளவற்றுக்குப் பேராக் மாநில வன இலாகாவுக்கும், ஊர்ச் சாலை, வாகன நிறுத்துமிடம் போன்றவற்றுக்கு நகராண்மைக் கழகத்துக்கும் எழுதுங்கள். சட்டம் 685, பிரிவு 26 என்று கடிதத்தில் குறிப்பிடுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அதே கடிதத்தின் நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் சமூகநல இலாகாவுக்கும் மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கும் அனுப்புங்கள்.

மாற்றுத்திறனாளி அட்டை இன்னும் எடுக்காதவர்கள், மருத்துவர் சான்றோடு மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். வயதானதால் மட்டும் அந்த அட்டை கிடைக்காது. நீரிழிவால் காலை இழந்தவர் உள்பட உடல் குறைபாடு உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். நலத் தொலைபேசி எண் 15999.

விபத்து நேர்ந்தால்

கவனக்குறைவால் ஏற்பட்ட காயத்துக்கு இழப்பீடு கேட்பது பொதுவான உரிமையியல் சட்டத்தின் கீழ் வரும் தனி வழி. மருத்துவ அறிக்கை, போலீஸ் புகார், படங்கள், உடன் வந்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றை அன்றே சேர்த்து வையுங்கள். அரசு அமைப்பின் மீது வழக்குப் போட 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதம்தான் அவகாசம். பணவசதி இல்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகலாம்.

அடுத்த விடுமுறைக்குத் திட்டமிடும்போது, வீட்டில் நடக்கச் சிரமப்படுபவரிடம் முதலில் கேளுங்கள். அவரால் முடியும் என்றால் அழைத்துப் போங்கள். பாதைதான் தடுத்தது என்றால், வீடு திரும்பிய அன்றே ஒரு புகார்க் கடிதம் எழுதுங்கள்.