நாற்பது கஜமும் ஒரு கணமும்

இந்தியானாபொலிஸ் நகரத்து உள்ளரங்க மைதானத்திலே, ஆண்டுதோறும் குளிர்காலம் விடைபெறும் தறுவாயில், கல்லூரிகளில் அமெரிக்கக் கால்பந்து ஆடிப் பெயர் பெற்ற சுமார் முந்நூறு இளைஞர்கள் தங்கள் தேகத் திறனைக் காட்ட வந்து கூடுகிறார்கள். அவர்கள் நாற்பது கஜ தூரத்தை ஓடிக் கடக்கும் நாலரை விநாடியைத் தொழில்முறை அணிகளின் தேர்வாளர்கள் கண் கொட்டாமல் கவனிக்கிறார்கள். 1987 முதல் அந்நகரிலேயே நடந்துவரும் இப்பரீட்சை, ஒருவனுடைய சரீரத்தை அளந்து அவனுடைய எதிர்காலத்தை அறிந்துவிட முடியுமா என்ற கேள்விக்கு விடை காணும் பெருமுயற்சியாகும். அந்த விடை எங்கே பொருந்துகிறது, எங்கே வழுவுகிறது என்பதை 'ரன்னிங் பேக்' என்னும் ஆட்டக்காரரைப் போல் வேறு எவரும் நமக்குத் தெளிவாகக் காட்டுவதில்லை.

ஆட்டத்தை இயக்கும் 'குவார்ட்டர்பேக்'கின் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு, தம் அணியின் முன்வரிசையினர் ஐவரும் எதிரிகளை நெட்டித் தள்ளி உண்டாக்கும் இடைவெளியிலே புகுந்து, பிடிக்க வருவோரை ஏய்த்தும் இடித்தும் கஜம் கஜமாக முன்னேறுவதே இவருடைய தலையாய பணி. இதற்கு வேகம் மட்டும் போதாது. வேகத்தோடு எடையும் சேர்ந்தால்தான் உந்தம் பிறக்கும். நூறு கிலோ எடையுள்ளவர் விநாடிக்கு எட்டு மீட்டர் வேகத்தில் வந்து மோதும்போது உண்டாகும் உந்தத்தை எண்பது கிலோ எடையுள்ளவர் பெறவேண்டுமானால், அவர் விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் வந்தாக வேண்டும்.

இவ்வுண்மையைக் கருத்தில் கொண்டே பில் பார்ன்வெல் என்பவர் 2008இல் 'வேக மதிப்பெண்' என்ற கணக்கை வகுத்தார். பவுண்டில் கண்ட எடையை 200ஆல் பெருக்கி, நாற்பது கஜ ஓட்ட நேரத்தின் நான்காம் படியால் வகுக்க வேண்டும். 4.40 விநாடியில் ஓடும் இருவருள் 220 பவுண்டு எடையுள்ளவருக்கு 117ம், 190 பவுண்டு எடையுள்ளவருக்கு 101ம் கிடைக்கும். அந்த ஆண்டில் 197 பவுண்டு எடையோடு 4.24 விநாடியில் ஓடிய கிறிஸ் ஜான்சனுக்கு ஏறத்தாழ 122 வந்தது. அடுத்த ஆண்டே அவர் ஒரே பருவத்தில் 2,006 கஜம் ஓடி அக்கணக்குக்குப் பெருமை தேடித் தந்தார்.

ஆயினும் கணக்கின் வெற்றியைக் கண்டு நாம் மயங்கிவிடலாகாது. விநாடியில் பத்தில் ஒரு பங்கு என்பது ஓட்டத்தின் முடிவிலே ஏறத்தாழ ஒரு கஜ தூரம். கையால் இயக்கும் கடிகாரமோ அந்த அளவுக்கே எளிதில் பிழைபடக்கூடியது. அன்றியும், தலைக்கவசமும் தோட்கவசமும் இன்றி, துரத்துவார் எவரும் இன்றி, நேர்கோட்டில் ஓடும் ஓட்டம் வேறு; இருபது பேர் முட்டி மோதும் நெரிசலிலே ஓடும் ஓட்டம் வேறு. வேகம் போதாதென்று பலரும் ஐயுற்ற எம்மிட் ஸ்மித், 1990இல், தொழில்முறை அணிகள் புதிய வீரர்களை ஒருவர்பின் ஒருவராக எடுக்கும் ஆண்டுத் தேர்விலே, பதினாறு பேருக்குப் பின்பே தேர்ந்தெடுக்கப்பட்டார். தம் ஆட்ட வாழ்வில் 18,355 கஜம் ஓடி அவர் படைத்த சாதனையை இதுவரை எவரும் முறியடிக்கவில்லை.

ஓட்டக் கடிகாரத்துக்கு அகப்படாத அந்தத் திறன் யாது? பந்து கைக்கு வந்த பின்னர் முன்வரிசையை எட்டுவதற்கு ஒரு விநாடி போலத்தான் அவகாசம் உண்டு. அதற்குள், இப்போது திறந்திருக்கும் வழி மூடப்போவதையும், மூடியிருக்கும் வழி திறக்கப்போவதையும், எதிரிகளின் தோளும் இடுப்பும் சாயும் திசையைக் கொண்டே அனுமானித்து, அரை அடி பொறுத்து நின்று, பிறகு ஒரே வெட்டில் திரும்பிப் பாய வேண்டும். பயிற்சியாளர்கள் இதைப் 'பார்வை' என்கிறார்கள். அது கண்ணின் கூர்மை மட்டுமன்று. ஆயிரம் முறை கண்ட காட்சிகளின் சாரத்தை மூளை திரட்டி, சிந்திக்கும் முன்பே காலுக்கு ஆணையிடும் பக்குவம்.

கடிகாரத்துக்கு அகப்படாதவை இன்னும் உண்டு. 1995ஆம் ஆண்டுத் தேர்விலே எல்லோருக்கும் முதல்வராகச் சின்சினாட்டி அணியால் எடுக்கப்பட்டவர், பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கி-ஜானா கார்ட்டர். கல்லூரியில் தம் கடைசி ஆண்டில் 1,539 கஜம் ஓடியிருந்த அவர், பருவம் தொடங்குமுன் நடந்த வெள்ளோட்ட ஆட்டத்தில், மூன்றாம் முறை பந்தை ஏந்திய போதே முழங்காலின் தசைநார் அறுந்து வீழ்ந்தார். எந்த அளவுகோலும் முன்னறிந்திருக்க முடியாத துரதிருஷ்டம் அது. அதே தேர்வில், காயத்தால் கல்லூரியின் கடைசிப் பருவம் குன்றிப்போன டெரல் டேவிஸ் என்பவரை டென்வர் அணி 196ஆவதாக எடுத்தது. டோக்கியோவில் நடந்த வெள்ளோட்ட ஆட்டத்துக்குச் சென்றபோது, இனி இடமில்லை என்றெண்ணி விலகிவிடவே அவர் நினைத்ததுண்டு. அன்று பந்தைத் திருப்பி எடுத்து வந்த எதிரணி வீரரை அவர் பாய்ந்து வீழ்த்திய வேகமே பயிற்சியாளர்களின் கண்ணைத் திருப்பிற்று. பந்தோடு ஓடாமலே அவர் தம்மை நிரூபித்தார்! அவ்வாண்டில் 1,117 கஜமும், 1998இல் 2,008 கஜமும் ஓடி, 2017இல் புகழ்மன்றத்திலும் இடம்பெற்றார்.

ஆகையால் தேர்வாளர்கள் எடையையும் விநாடியையும் தாராளமாகக் குறித்துக்கொள்ளட்டும். அவை வீண் அல்ல. ஆனால் இந்தியானாபொலிஸோடு குறிப்பேட்டை மூடிவிடாமல், கடைசி வரிசையில் நிற்பவன் அடுத்த மாதம் என்ன செய்கிறான் என்று எழுதுவதற்கும் சில பக்கங்களை மிச்சம் வைத்திருக்க வேண்டும்.