மூட்டு வீங்குவது எதனால்?

வடநாட்டில் குடியேறிய நம்மவர் வீடுகளில் மார்கழி, தை மாதங்களில் அடிக்கடி ஒரு பேச்சு எழும். காலையில் விரலை மடக்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், "எல்லாம் இந்த ஊர்க் குளிர்தான்" என்று மற்றவர் முடித்துவிடுவார். குளிர் வலியை மிகுவிக்கலாம். ஆனால் இரு கைகளின் விரல் மூட்டுகளும் வீங்கி, விழித்தெழுந்து ஒரு மணி நேரமாகியும் விறைப்பு நீங்காமல், வாரக்கணக்கில் அது தொடருமானால், முடக்குவாதமோ என்று ஐயுற வேண்டும். அந்நோயில் மூட்டு வீங்குவது எவ்வாறு என்பதை ஈண்டுக் கூற விழைகிறோம்.

நம் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் விரைந்து ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓடுகிறவன் ஒரு வீட்டினுள் புகவேண்டுமானால் முதலில் நிற்கவேண்டும் அல்லவா? அவ்வணுக்களை நிறுத்துவன ஒட்டு மூலக்கூறுகள். மூட்டின் உள்ளுறையில் அழற்சி தோன்றியதும் டி.என்.எஃப். போன்ற தூதுப் பொருள்கள் பெருகுகின்றன. அவற்றின் தூண்டுதலால் அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரில் செலக்டின் என்னும் புரதங்கள் தோன்றி வெள்ளையணுவை இலேசாகப் பற்றுகின்றன. அணு உருண்டு உருண்டு வேகம் தணிகிறது. பின்னர் அணுவின் மேலுள்ள இன்டெக்ரின் புரதங்கள் நிமிர்ந்து, சுவரிலுள்ள ஐ-காம், வி-காம் என்பவற்றை இறுகப் பிடிக்கின்றன. நின்ற அணு இடுக்கு வழியே மூட்டினுள் நுழைகிறது. நுழைந்தவற்றால் டி.என்.எஃப். மேலும் பெருக, மேலும் அணுக்கள் வந்து ஒட்டுகின்றன. தடித்த உள்ளுறை நாளடைவில் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது.

அப்படியானால் இந்த ஒட்டை அடியோடு நீக்கிவிட்டால் என்ன? நீக்கக் கூடாது. இன்டெக்ரின் குறையுடன் பிறக்கும் சில குழந்தைகளுக்குத் தொற்று ஓயாது. புண்ணில் சீழ்கூடக் கட்டாது. கிருமியை எதிர்க்க வரும் அணுக்களுக்கும் வழி இதுவே. நரம்பு நோய் ஒன்றுக்காக இன்டெக்ரினைத் தடுக்கும் நட்டாலிசுமாப் என்னும் மருந்து அமெரிக்காவில் 2004-இல் அனுமதி பெற்றது. சிலருக்கு மூளையில் கொடிய தொற்று நேரவே 2005-இல் நிறுத்தப்பெற்று, 2006-இல் கடுங்கட்டுப்பாட்டுடன் திரும்பிற்று.

முடக்குவாதத்திற்குப் பயன்பட்டது சுற்றுவழி. லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மெய்னியும் மார்க் ஃபெல்ட்மனும் 1992-இல் லண்டனில் டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தூது குறைந்தது, சுவரின் ஒட்டும் குறைந்தது, வீக்கம் வடிந்தது.

இம்மருந்து உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும். தொடங்குமுன் மருத்துவர் மார்புப் படம் கேட்பது அதனாலேயே. ஊரில் இருந்த காலத்தில் நமக்கோ, உடனிருந்தவர்களுக்கோ காசநோய் கண்டிருந்தால் இங்குள்ள மருத்துவர் அதை எங்ஙனம் அறிவார்? நாமேதான் சொல்லவேண்டும்.