அரசும் அகமும் – 9: உலாவில் உடன்வந்த காடவன்

உலாவை மேலோட்டமாகப் பார்த்தால் காதல் பாட்டு. மன்னன் வீதியில் பவனி வருகிறான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் கண்டு மயங்குகிறார்கள். விக்கிரம சோழன், அவன் மகன் இரண்டாம் குலோத்துங்கன், பேரன் இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர் மீதும் ஒட்டக்கூத்தர் பாடிய மூவருலாவை அப்படியே படித்துவிட்டுப் போனால் பாதிதான் படித்ததாகும். அது காதல் மொழியில் வாதாடப்பட்ட அரசுரிமை வழக்கு என்பதே என் கட்சி.

நூலின் அமைப்பே இதற்குச் சாட்சி. பெண்கள் வீதிக்கு வருமுன் புராண முன்னோரில் தொடங்கும் குலவரிசை வந்துவிடுகிறது. அந்த நினைவூட்டல் தேவைப்பட்டது. 1070இல் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன் தந்தை வழியில் வேங்கிச் சாளுக்கியன். தாய் அம்மங்கை, முதலாம் இராசேந்திரனின் மகள். மூவருலாவின் தலைவர்கள் அவன் மகனும் பேரனும் கொள்ளுப்பேரனும். அடுத்து, விக்கிரம சோழன் உலாவில் மன்னனோடு வரும் தலைவர்களின் பட்டியல்: கலிங்கம் வென்ற கருணாகரத் தொண்டைமான் இருக்கிறான், செஞ்சிக் காடவனும் இருக்கிறான். உரிமையும் படையும் சொல்லப்பட்ட பிறகே ஊரின் மனம் பேசுகிறது. ஐந்து வயதில் தொடங்கும் பேதைப் பருவத்தையும் புலவர் விடவில்லை. காமம் அறியாத சிறுமியையும் நாற்பதை நெருங்கும் பேரிளம்பெண்ணையும் ஒரே வீதியில் நிறுத்துவதன் பொருள், மன்னனுக்கு வசப்படாதவர் ஊரில் எவருமில்லை என்பதே.

இதெல்லாம் வெறும் மரபுதானே, சேரமான் பெருமாள் நாயனார் முன்பே திருக்கயிலாய ஞான உலா பாடவில்லையா என்று கேட்கலாம். பாடினார், பாட்டுடைத் தலைவன் சிவபெருமான். இறைவன் வந்த வீதியில் மன்னனை வரவிட்டதே அரசியல். இந்த மிகையை அன்று யார் நம்பியிருப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. நம்ப வேண்டியதில்லை, சபையில் சொல்லப்பட்டால் போதும். மணமாகாத இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தைக் காதலியாகப் பாவித்துப் பாடுவது அவர் அவையின் வழக்கம். வால்டர் ராலே அவரை நிலாத் தேவதை சிந்தியாவாகப் பாடினார். அரசியின் பணிப்பெண் ஒருவரை அவர் ரகசியமாக மணந்தது தெரியவந்தபோது, 1592இல் லண்டன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். காதல் பாவனைதான், சிறை மெய்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. லண்டனில் அவையினரே காதலைச் சொல்ல வேண்டியிருந்தது. சோழ உலாவில் அதைச் சொல்பவர்கள் படையில்லாத பெண்கள். படையுள்ள தலைவன் கூட நடந்தால் போதும். அதன் விளைவை நெய்வேலிக்காரர்கள் தொலைதூரம் போய்த் தேட வேண்டாம். அதே காடவர் குடியில் வந்த கோப்பெருஞ்சிங்கன் உளுந்தூர்பேட்டைக்கு அருகிலுள்ள சேந்தமங்கலத்தில் மூன்றாம் இராசராச சோழனைச் சிறைவைத்தான். போசள மன்னன் நரசிம்மனின் தளபதிகள் இந்த வட்டாரத்தில் படையெடுத்துச் சோழனை மீட்டதைக் கடலூரை அடுத்த திருவந்திபுரக் கோயில் கல்வெட்டு சொல்கிறது, காலம் 1231–32. உலாவால் ஊரைக் காதலிக்கவைக்க முடிந்தது. உடன்வந்த காடவனைக் கட்டிப்போட முடியவில்லை.

(தொடரும்)