தேயிலைத் துளைவண்டும் பரம்பரையலகுச் சான்றும்

பதுளை, பசறை, தெமோதரைத் தோட்டங்களிலே கொழுந்து பறிக்கும் பெண்ணின் கைபட்டதும் தேயிலைக் கிளை முறிந்து விழுவதுண்டு. முறிந்த இடத்திற் சிறு துளையொன்று தெரியும். ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நீளமேயுள்ள வண்டொன்றின் வேலை அது. இவ்வண்டு மரத்தை உண்பதில்லை. தான் சுமந்துவரும் பங்கசினைத் துளைச்சுவரில் வளர்த்து, அதனையே குடம்பிகளுக்கு உணவாக்குகின்றது.

1868இல் ஐக்கொஃப் என்பார் இலங்கை மாதிரியைக் கொண்டு இதற்குப் பெயரிட்டார். தேயிலையைத் துளைப்பதும், 2003இல் கலிபோர்னியாவிற் காணப்பட்டதும் ஒரே இனமென்றே நெடுங்காலம் கருதப்பட்டன. புறத்தோற்றம் அத்துணை ஒத்தது. எனினும் இழைமணியினதும் கருவினதும் டி.என்.ஏ.யை ஒப்பிட்ட ஆய்வுகளின் பயனாக, 2019இல் அவ்வொரு பெயரின்கீழ் நான்கு இனங்கள் பிரித்தறியப்பட்டன. இதில் வியப்பில்லை. ஒரே துளையிற் பிறந்த உடன்பிறப்புகளே தம்முட் கூடுகின்றன. தனியொரு பெண்வண்டே புதுக்குடியை நிறுவவல்லது. எனவே உருவம் மாறாமலே கிளைவழிகள் தனித்துக் கூர்ப்படைய இடமுண்டு.

இது வெறும் பெயராராய்ச்சியன்று என்பதை நாம் வலியுறுத்த வேண்டும். 1950களில் இவ்வண்டை அழிக்கவெனத் தெளித்த டீல்திரின், தேயிலை இலைசுருட்டிப் புழுவை அடக்கிவைத்திருந்த ஒட்டுண்ணிக் குளவியை அழித்தது, புழு பெருகிற்று. உயிர்களிடையேயுள்ள உறவை அறியாது நஞ்சு தெளிப்பின், அதன் விலையைச் செலுத்துபவர் நஞ்சைச் சுவாசித்தும் கொழுந்தின் நிறை குறைந்து கூலி இழந்தும் வாடும் தோட்டத் தொழிலாளரே. பரம்பரையலகு ஆய்வின் பயன் ஆய்வுகூடத்தோடு நில்லாது மலைச்சரிவை எட்டுதல் வேண்டும்.