குளத்து ஜலத்தில் பச்சை ஏடு

கோடையில் கூத்தாநல்லூரைச் சூழ்ந்த கிராமங்களில் குளத்து ஜலம் குறுகிப் பச்சை நிறங் கொள்வது சகஜம். மேட்டூர் அணை திறந்து வெண்ணாற்று வாய்க்கால்களில் புதுநீர் வரும்வரை பல ஊர்களில் மாடுகளுக்கு அக்குளமே கதி. அப்பச்சை யாவற்றையும் பாசி என்ற ஒரே பெயரால் அழைத்து வாளாவிருப்பது சரியன்று. அதில் தீங்கற்றவையும் உண்டு; மாட்டைக் கொல்லும் விஷமுடையதும் உண்டு.

விஷமுடையவற்றுள் முக்கியமானது மைக்ரோசிஸ்டிஸ் என்னும் ஓரணு நீலப்பச்சைப் பாசி. பச்சை வர்ணத்தைக் கொட்டினாற்போல் நீர்மேல் மிதந்து, காற்று ஒதுக்கும் கரையில் தடித்து நிற்கும். அதன் விஷம் ஈரலைக் கெடுப்பது, காய்ச்சினாலும் நீங்காது. இதற்கு உறவான வேறொரு பாசியினால் ஆஸ்திரேலியாவின் அலெக்ஸாண்ட்ரினா ஏரிக்கரையில் ஆடுமாடுகள் மாண்டதை ஜார்ஜ் பிரான்சிஸ் 1878-ல் எழுதி வெளியிட்டார்.

ஏட்டை ஒரு குச்சியால் எடுத்துப் பார்க்க. நூல் நூலாகத் தொங்கினால் அது இழைப்பாசி. தொங்காவிடில், கண்ணாடிப் பாத்திரத்தில் அந்நீரை மொண்டு ஓரிரவு அசையாமல் வைக்க வேண்டும். விடியலில் பச்சை முழுதும் மேலே வளையமாகத் திரண்டால் சந்தேகம் வலுக்கும். யூக்ளினாவும் இவ்வாறு மேலேறுமாதலால் இது முடிவான சோதனையன்று.

பூதக்கண்ணாடியே தீர்ப்புச் சொல்லும். 2014-ல் மனு பிரகாஷ் குழுவினர் வெளியிட்ட, காகிதத்தை மடித்துச் செய்யும் கருவி 140 மடங்கு பெருக்கிக் காட்டும். அதுவே இதற்குப் போதும். யூக்ளினா கதிர் போன்ற வடிவினது. ஒரு சிவப்புப் புள்ளியுடன் நெளிந்து நீந்தும். அதில் ஓரினம் வெயிலில் குளத்தையே செந்நிறமாக்கி, மாலையில் பச்சையாகும். மீன் வளர்ப்போர் அதனிடம் எச்சரிக்கையாயிருத்தல் நலம். செருப்பின் அடி போன்று சுழன்றோடுவது பாரமீசியம். பழுப்பு நிறக் கண்ணாடிப் பெட்டி போல் மெல்ல வழுகுபவை டயாட்டம். உருளும் பச்சைப் பந்துகள் வால்வாக்ஸ். சென்னைப் பல்கலைக்கழகத்து எம். ஓ. பி. அய்யங்கார் 1933-ல் இவற்றின் தென்னிந்திய இனங்களை விவரித்தார். மைக்ரோசிஸ்டிஸோ தானாக நீந்துவதில்லை. நுண்ணிய கரும்புள்ளிகள் ஒழுங்கின்றிக் குவிந்த மேகம் போலக் காணும்.

அவ்வாறு கண்டால் அக்கரையில் வேலியிட்டு, மாடுகளுக்குக் குழாய்க் கிணற்று நீரைத் தொட்டியில் விடுமாறு கிராம அதிகாரிகள் அறிவித்தல் வேண்டும். மயில்துத்தம் தூவுவது பலர் செய்யும் தவறு. பாசி ஒருங்கே மடிந்து, உள்ளிருந்த விஷமெல்லாம் நீரில் கலந்துவிடும்.

நெல்வயலில் படியும் நீலப்பச்சைப் பாசியைக் கண்டு மிராசுதார்கள் அஞ்ச வேண்டியதில்லை. அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்குச் சேர்ப்பதை பி. கே. டே 1939-ல் நிரூபித்தார். அவ்வகையில் ஒன்றான அனபீனா மணிமாலை போன்றது; இடையிடையே ஒரு பெரிய வெளிறிய மணி இருக்கும். ஆயினும் அதே அனபீனாவின் சில இனங்கள் குளத்தில் மண்டினால் விஷமாவதுண்டு. அங்கே மாட்டை விடலாகாது.